உளம் விலகிய மாணாக்கரும் ஆசிரியர் கடமையும்

கல்வி என்பது கொடுப்பாரும் கொள்வாரும் கூடியவிடத்து நிகழும் ஒரு தொழில். கொள்வார் இருந்தும் கொடுப்பார் இல்லையாயின் அது நிகழாது. கொடுப்பார் இருந்தும் கொள்வார் இல்லையாயினும் நிகழாது. இவ்விரு குறைகளுள் முன்னையதைப் பற்றி நம்மவர் நெடுங்காலம் பேசியும் உழைத்தும் வந்திருக்கின்றனர். பாடசாலை இல்லாத ஊருக்குப் பாடசாலையும், ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரும் வேண்டுமென்று பாடுபட்டோர் பலர். பின்னையதைப் பற்றிப் பேசினோர் சிலரே. ஆசிரியர் உளர், மண்டபம் உளது, நூல் உளது, மாணாக்கனும் வாங்கில் அமர்ந்திருக்கின்றான். ஆயினும் அவனுள்ளம் அங்கில்லை. இந்நிலையில் ஆசிரியர் செய்யக்கடவது யாது? பாடத்தைச் சொல்லி முடித்து எழுந்து போதலோடு அவர் கடமை முற்றுமோ? அன்றி, விலகிய உள்ளத்தைத் தேடிச் செல்லுதலும் அக்கடமையுள் அடங்குமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கல்லூரி மாணாக்கர் என்றது யாரை என்பதை முதற்கண் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் வழக்கிலே கல்லூரி என்னுஞ் சொல் உயர்தர வகுப்பு வரை நடாத்தும் பாடசாலைகளைச் சுட்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே பெண்மக்கட்கும், 1921இல் திருநெல்வேலியிலே ஆண்மக்கட்கும் நிறுவிய கலைக்கோயில்கள் இப்பெயரையே பெற்றன. அவற்றுட் பின்னையதாகிய பரமேசுவராக் கல்லூரி நின்ற இடத்திலேயே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரே மண்ணிற் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றமை நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் ஒரு குறிப்பாக அமைகின்றது. விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிற் சோர்ந்திருக்கும் இளைஞன் வேற்றுலகிலிருந்து வந்தவனல்லன்; இரண்டு மூன்று ஆண்டுகட்கு முன்னர் நம் வகுப்பறையில் இருந்தவனே. ஆதலின் உயர்தர வகுப்பு மாணாக்கரையும் பல்கலைக்கழக மாணாக்கரையும் ஒருங்கே கருதிப் பேசுதல் பொருந்தும். அங்கே காணப்படும் நோய்க்கு வித்து இங்கே விழுந்திருத்தலுங் கூடும்.

விலகல் என்பது வராமை மாத்திரமன்று. அது பல வேடங்கொண்டு வரும். வகுப்புக்கு வாராதிருத்தல் ஒன்று. வந்தும் கைத்தொலைபேசியிலே உள்ளத்தை வைத்திருத்தல் ஒன்று. கரும்பலகையில் எழுதியதையெல்லாம் பொருளறியாது பெயர்த்தெழுதிக்கொண்டிருத்தல் ஒன்று. வினாவப்பட்டவிடத்துத் தலைகவிழ்ந்து மௌனஞ் சாதித்தல் ஒன்று. பாடசாலையை வரவுக்கும், தனியார் கல்வி நிலையத்தைப் படிப்புக்கும் எனப் பகுத்துவைத்துக் காலையில் உறங்கி மாலையில் விழித்திருத்தல் ஒன்று. இவற்றுள் முதலாவது மாத்திரமே இடாப்பிலே தெரியும். ஏனையவை இடாப்புக்கு எட்டா. நூற்றுக்கு 80 வரவு இல்லாதார் பரீட்சைக்குத் தோற்றலாகாது என்னும் விதி பல்கலைக்கழகப் பீடங்கள் பலவற்றில் உளது. அவ்விதி உடம்பைக் கொண்டுவந்து நிறுத்த வல்லது. உள்ளத்தைக் கொண்டுவருதல் அதனால் இயலாது. விதியால் இயலாத அதனைச் செய்யத்தக்கவர் ஆசிரியர் ஒருவரே.

இனி, இத்தகைய மாணாக்கரைக் கண்ட ஆசிரியருட் பலர் கைக்கொள்ளும் துணைநூல் நன்னூலாகும். அதன் பொதுப்பாயிரத்திலே கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடமும், ஆடும், எருமையும், நெய்யரியும் உவமையாகக் கூறப்பட்டுள்ளன. ஊற்றிய நீரை ஒழுகவிடுவது ஓட்டைக்குடம். ஒரு செடியிலேனும் வயிறார மேயாது தழைதோறும் வாய்வைத்துத் திரிவது ஆடு. குளத்தைக் கலக்கிய பின்னரே நீருண்பது எருமை. நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைத் தாங்கி நிற்பது பன்னாடை. இவ்வுவமைகளைப் படித்த நாள் தொட்டு நம்முட் சிலர்க்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்துவிட்டது. வகுப்பிலே கேளாதிருப்பவனைக் கண்டால், இவன் இன்ன வகையினன் என்று பெயரிட்டுவிட்டு மனஅமைதி பெறுகின்றனர். பெயரிடுதல் அறிதலாகாது. மடியன் என்னுஞ் சொல் ஒரு காரணத்தை உணர்த்துவதன்று. காரணத்தை ஆராயாது நிறுத்திவிடுவதற்கு உதவுஞ் சொல் அது.

அன்றியும், அந்நூலாசிரியர் மாணாக்கரது வகையைக் கூறுதற்கு முன்னரே ஆசிரியராகாதாரது வகையைக் கூறினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்க்கும் உவமைகள் நான்கு. கழற்காய் பெய்த குடம் முன்னிட்டதை முன்னே தாராது பின்னிட்டதை முன்னே தருமாறு போல, முறைபிறழக் கற்பிப்பார் ஒருவர். மட்டைகள் செறிந்த பனை தானாக விழவிட்ட பழத்தையன்றித் தன்பால் ஏறிவருவார்க்கு இடங்கொடாதவாறு போல, தாமே சொல்லியதன்றிக் கேட்டார்க்கு ஒன்றுஞ் சொல்லாதார் ஒருவர். பஞ்சடைத்த குடுக்கை அடைக்கும்போதும் வெளிவிடும்போதும் சிறிது சிறிதாகவே இடங்கொடுத்தல் போல, கொள்ளுதற்கும் கொடுத்தற்கும் இடர்ப்படுவார் ஒருவர். நீர் வார்த்து வளர்த்தவன் வளவை விட்டு அயலான் வளவிலே காயை உதிர்க்கும் முடத்தெங்கு போல, தம்மை அடுத்தவர்க்கு உதவாது பிறர்க்கு உதவுவார் ஒருவர். பனையும் தெங்கும் நிறைந்த நம் நாட்டிலே இவ்வுவமைகட்கு உரை வேண்டுவதில்லை. காலையிலே பாடசாலையில் வாயடங்கியிருந்து, மாலையிலே கூலி பெறும் நிலையத்தில் அதே பாடத்தைச் சுவைபடச் சொல்லும் ஆசிரியர் எவரேனும் உளராயின், முடத்தெங்கு என்பது யாரைக் குறிக்கும் என்பதை அவரே அறிவார். கடைமாணாக்கனை அளக்குங் கோலைக் கையிலெடுப்பவர் முதலில் தம்மை அளந்துகொள்ளுதல் முறைமையாம்.

உள்ளம் விலகுதற்குக் காரணம் ஒன்றன்று. நம் நாட்டு நிலைமை நோக்கி அவற்றுட் சிலவற்றை விரித்துரைப்பாம்.

முதலாவது மொழி. உயர்தர வகுப்புவரை தமிழிலே கணிதமும் பௌதிகமும் உயிரியலும் கற்ற மாணாக்கன், பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் முதலிய பீடங்களிற் புகுந்தவுடன் அவற்றையே ஆங்கிலத்திற் கேட்கின்றான். நேற்றுவரை வகுப்பில் முதல்வனாக இருந்தவன் இன்று ஒரு வாக்கியத்தின் நடுவிலே தங்கிவிடுகின்றான். அவ்வாக்கியத்தை அவன் விளங்கிக்கொள்ளும் முன்னர் விரிவுரையாளர் மூன்று வாக்கியங்கள் கடந்து செல்கின்றார். வினாவுதற்கு அவனுக்குப் பொருள் தெரியும்; சொல் தெரியாது. சொல் பிழைத்தால் அயலிலிருப்பார் நகைப்பர் என்னும் அச்சம் உண்டு. ஆகவே வாய் மூடுகின்றான். சில கிழமை வாய்மூடியிருந்தவனுக்குச் செவியும் மூடுகின்றது. செவி மூடியபின் கால்களும் மண்டபத்தை நாடாவாகின்றன. இவ்வாறு படிப்படியாக நிகழ்ந்ததன் இறுதிப்படியை மாத்திரம் காண்பவர், இவன் வகுப்புக்கு வாராத சோம்பன் என்கின்றனர். முதற்படியிலேயே கண்டிருப்பாராயின், ஓர் அருங்கருத்தைத் தமிழிற் கால்மணி நேரம் விளக்கிவிட்டு அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பின்னர்க் கொடுத்திருப்பர். அதனாலேயே அவன் நிலைபெற்றிருப்பான். பாடசாலையாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. உயர்தர வகுப்பிலேயே கலைச்சொற்களை இருமொழியிலும் அறிமுகஞ்செய்து வைத்தல் பெருஞ்செலவான காரியமன்று.

இரண்டாவது விருப்பின்மை. நம் பிள்ளைகள் உயர்தரத்திலே துறை தெரியும்போது, அத்தெரிவு பெரும்பாலும் அவரதன்று. வைத்தியரும் பொறியியலாளருமே மனிதரென்று கருதும் குடும்பங்கள் இன்னும் பல. பின்னர்ப் பல்கலைக்கழக அனுமதியோ 2001ஆம் ஆண்டு தொடக்கம் இசெட் புள்ளி என்னும் கணக்கினாலும், பல துறைகளில் திறமை, மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்னும் பங்கீட்டினாலும் வரையறுக்கப்படுவது. வெட்டுப்புள்ளி சிறிது தவறினால், விரும்பியது ஒன்றாகவும் கிடைத்தது வேறொன்றாகவும் முடிகின்றது. பெற்றார் விரும்பியது ஒன்று, கணக்கு ஈந்தது ஒன்று, தன்னுள்ளம் நாடியது ஒன்று என மூன்றாகப் பிளவுண்டு நிற்பவனிடத்து ஊக்கத்தை எதிர்பார்க்கின்றோம். பரீட்சை எழுதியதற்கும் பல்கலைக்கழகத்திற் காலடி வைத்ததற்கும் இடையே ஓராண்டுக்கு மேலும் காத்திருந்த தொகுதியினர் பலர். அக்காலத்திலே படிப்புப் பழக்கமும் அவரை விட்டு நீங்கிவிடுகின்றது.

மூன்றாவது வாழ்க்கைத் துன்பம். 2009இல் முடிவுற்ற நெடும் போரிலே தந்தையை, தமையனை, வீட்டை, நிலத்தை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருந்திருக்கின்றனர். அவ்விழப்பின் நிழலிலே பிறந்தவர் இன்றும் இருக்கின்றனர். 2020இற் கொள்ளைநோய் பரவி வகுப்புகள் இணையவழியாக நடந்தபோது, கருவியில்லாதாரும் அலைவரிசை எட்டாத ஊராரும் பாடங்களை இழந்தனர். 2022இன் பொருள் நெருக்கடியிலே பேருந்துக் கட்டணமே வரவைத் தீர்மானித்த வீடுகள் பல. மாலையிற் கடையில் நின்று உழைத்தவன் காலையிற் கண்ணயர்வதை அவமதிப்பு என்று கொள்ளுதல் நீதியாகாது. இவற்றோடு பகிடிவதை என்னுங் கொடுமையும் உளது. அதனைத் தடைசெய்தற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் அது வேரோடு அழிந்ததென்று கூறுதற்கில்லை. முதலாண்டு மாணாக்கன் ஒருவன் திடீரென மண்டபத்துக்கு வாராதொழிவானாயின், அவன் படிப்பை வெறுத்தான் என்று துணிவதற்கு முன், வழியில் யாருக்கு அஞ்சினான் என்று வினாவுதல் வேண்டும்.

காரணத்தை ஊகித்தலுக்கும் ஆராய்ந்து அறிதலுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குதற்கு அமெரிக்க நாட்டு வரலாறொன்று பெரிதும் துணைசெய்யும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்திலே 1970களில் நுண்கணித வகுப்புகளிற் கறுப்பின மாணாக்கர் பலர் தவறி வந்தனர். யூரி திரைஸ்மன் என்னும் இளைஞர், அக்காலத்து ஆராய்ச்சி மாணாக்கர், இதற்குக் காரணம் யாதென்று ஆசிரியர் பலரை வினாவினார். அவர்க்கு ஊக்கமில்லை என்றனர். முன்னைய படிப்புப் போதாது என்றனர். குடும்ப ஆதரவு இல்லை என்றனர். வறுமையே காரணம் என்றனர். திரைஸ்மன் இவ்விடைகளை ஏற்று அமையாது, கறுப்பின மாணாக்கர் இருபதின்மரையும் நன்கு தேறிவந்த சீன மாணாக்கர் இருபதின்மரையும் தெரிந்தெடுத்து, அவர் கற்குமிடங்கட்குச் சென்று நெடுநாள் உடனிருந்து கண்டார். கண்டபோது ஆசிரியர் கூறிய காரணங்கள் நிலைபெறவில்லை. கறுப்பின மாணாக்கர் சொல்லியவாறே வீட்டுப்பயிற்சி செய்தனர். குறித்த நேரமும் படித்தனர். அவர் பெற்றார் அவர்பொருட்டுப் பெரிதும் முயன்றவரே. ஆனால் அவருள் ஏறக்குறைய எல்லாரும் தனித்தே படித்தனர். சீன மாணாக்கரோ மாலையிற் கூடியிருந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்தினர். ஒரு கணக்கு எல்லார்க்கும் கடினமாயின், குறை தம்மிடத்தன்று, கணக்கே அரியது என்று தெளிந்தனர். தனித்திருந்தவனுக்கு அத்தெளிவு இல்லை; கணக்கு வாராதபோது தன்னையே ஐயுற்றான்.

இதனைக் கண்டபின் திரைஸ்மன் செய்தது யாது? அம்மாணாக்கர்க்கு எளிய பாடம் வகுத்துக் கொடுத்தாரல்லர். பின்தங்கியோர் வகுப்பு என்று பெயரிட்டு ஒதுக்கினாருமல்லர். முன்னையினும் அரிய கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாகக் கூடியிருந்து முயலச் செய்தார். அதிற் சேர்ந்தோர் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. அம்முறை பின்னர் வேறு கல்லூரிகட்கும் பரவிற்று. இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஊக்கமில்லை என்று நல்லெண்ணமுடைய ஆசிரியரே துணிந்துரைத்தவிடத்தும் உண்மை வேறாயிருந்தது என்பது ஒன்று. அவ்வுண்மை ஆசிரியர் அறையிலே புலப்படாது, மாணாக்கன் இருக்கும் இடத்துக்குச் சென்றவர்க்கே புலப்பட்டது என்பது மற்றொன்று.

அற்றாயினும், இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வாம்.

தாகமுடையான் கிணற்றைத் தேடிச் செல்லுக. கிணறு அவனைத் தேடிச் செல்லுமோ என்பர் ஒரு சாரார். பண்டை மாணாக்கர் ஆசிரியர் இல்லந் தேடிச் சென்று, பணிவிடை செய்து, குறிப்பறிந்து கற்றனர். அம்முறை மாறலாகாது என்பது அவர் கருத்து. அக்காலத்துக்கு அது பொருந்திற்று. கல்வியை வேண்டியவர் சிலரே. அவரும் வேண்டியே சென்றனர். இக்காலமோ அத்தகையதன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் எல்லாப் பிள்ளைகளையும் பாடசாலைக்கு வாருங்கள் என்று அழைத்தோம். இன்று 16 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியும் வைத்திருக்கின்றோம். அதற்குமேலும் படித்தாலன்றி வாழ்வில்லை என்று வீடும் நாடும் இளைஞர்க்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அழைத்தவர் நாம். பந்தியில் இருத்திவிட்டுப் பசியில்லாதவன் ஏன் வந்தான் என்று வினாவுதல் விருந்தோம்பலாகாது. அன்றியும், தாகமில்லை என்பது பலவிடத்து உண்மையன்று. தாகத்தை மறைக்கும் நோயே உண்மை. நோயாளிக்கு உணவிற் செல்லாத வாயை வைத்தியன் குற்றமாகக் கொள்ளான், குறியாகக் கொள்வான்.

இவ்வாறு இறங்கிச் செல்லுதல் ஆசிரியர் பெருமைக்கு இழுக்கு என்பர் மற்றொரு சாரார். இறங்கிச் செல்லுதல் வேறு, தாழ்ந்துபோதல் வேறு. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், இலக்கண இலக்கிய சாத்திரங்களிற் பெரும்புலமை வாய்ந்தவர். அவரே சிறுவர்க்கென்று பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். கற்பார் எளிதிற் பற்றிக்கொள்ளும்பொருட்டு வினாவும் விடையுமாக நூல் செய்தார். அதனால் அவர் புலமை குறைந்ததோ? குறையவில்லை, பலர்க்கும் பயன்பட்டது. கற்பவன் நிற்கும் படியிலிருந்து தொடங்குதல் ஆசிரியத் தொழிலின் உயிர்நிலை.

பரிவு காட்டினாற் கட்டுப்பாடு தளரும், தரம் குறையும் என்பர் பிறிதொரு சாரார். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. பரிவென்னும் பெயரால் வராதவனுக்கு வரவிடுதலும், எழுதாதவனுக்குப் புள்ளி ஈதலும், வினாத்தாளை முன்னரே குறிப்பாற் காட்டுதலும் சிலவிடங்களில் நிகழ்வன. இவை பரிவல்ல, கைவிடலின் வேறு வடிவங்கள். உன்னால் இயலாது என்று வாயாற் சொல்பவரும், இயலாதென்று உட்கொண்டு புள்ளியை இரவலாக ஈபவரும் மாணாக்கனைப் பற்றிக் கொண்ட எண்ணம் ஒன்றே. உண்மைப் பரிவோ, இது கடினம், உன்னால் இயலும், உன்னுடன் நான் நிற்கின்றேன் என்று மூன்றையும் ஒருங்கே சொல்லும். இவற்றுள் ஒன்று குறையினும் அது பயன்படாது. திரைஸ்மன் அரிய கணக்கைக் கொடுத்ததன் நுட்பம் இதுவே.

நூறு பேர் இருக்கும் வகுப்பிலே ஒவ்வொருவனையும் நாடுதற்குக் காலம் எங்கே என்பார் கூற்று நியாயமானதே. அவர்க்கு நாம் கூறுவது, நாடத்தக்கவர் நூறு பேரல்லர், முதலில் ஐவர் பதின்மரே என்பது. எழுதுவித்த முதல் ஒப்படையைத் தாராதவர், முதற் கிழமைகளில் இருமுறை வாராதவர், சிறு பரீட்சையில் மிகக்குறைந்த புள்ளி பெற்றவர் ஆகியோரின் பெயரை ஒரு தாளிற் குறித்துக்கொண்டால், வகுப்பு விட்டபின் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேசுதற்கு ஒரு கிழமை போதும். தொடக்கத்திலே ஐந்து நிமிடத்தில் தீர்வது, தவணையிறுதியிலே ஐந்து மணி நேரத்திலும் தீராது.

இனி, வகுப்பறையிற் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்வாம். இவை அரியனவல்ல, ஆயினும் இடைவிடாது செய்யப்படவேண்டியவை.

மாணாக்கனைப் பெயர் சொல்லி அழைத்தல் முதலாவது. பெயரறியாத ஆசிரியர் முன் எவனும் ஒரு முகமாக மாத்திரம் இருக்கின்றான். வாராதபோது யாரும் அறியார் என்று எண்ணுகின்றான். நேற்று உம்மைக் காணவில்லையே என்னும் ஒரு சொல், எண்பது வீத விதியினும் வலியது.

வினாவியபின் பொறுத்திருத்தல் இரண்டாவது. அமெரிக்க நாட்டு மேரி பட் ரோ என்னும் அம்மையார் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர் வினாவியபின் சராசரியாக ஒரு செக்கனளவே விடைக்காகப் பொறுக்கின்றனர் என்று கண்டார். மூன்று செக்கனாவது பொறுத்தவிடத்து, விடைகள் நீண்டன. முன்பு வாய்திறவாதவரும் விடை கூறினர். ஒரு செக்கனில் விடை சொல்பவன் முன்வரிசையிலிருப்பவனே. அடுத்த இரண்டு செக்கன் பின்வரிசையிலிருப்பவனுக்கு உரியது. அதனை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு, அவன் விடை சொல்லவில்லை என்று குறைகூறுதல் தகுமோ?

மாணாக்கர் தாமே செய்யுமாறு இடங்கொடுத்தல் மூன்றாவது. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பல்கலைக்கழக வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஆசிரியர் மாத்திரம் பேசிய வகுப்புகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேரும், மாணாக்கர் தாமும் முயன்ற வகுப்புகளில் ஏறக்குறைய 22 பேரும் தவறினர் என்று காட்டிற்று. ஆயினும் ஒன்று அறிந்திருத்தல் வேண்டும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்விலே, தாமே முயன்ற மாணாக்கர் மிகுதியாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். செவ்வையான பேச்சைக் கேட்டிருத்தல் கற்றதுபோன்ற இன்பத்தைத் தரும். முயன்று இடர்ப்படுதல் கல்லாததுபோன்ற வருத்தத்தைத் தரும். ஆகவே புதுமுறையிற் புகும் ஆசிரியர், வருத்தமே வளர்ச்சியின் அடையாளம் என்பதை மாணாக்கர்க்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லாவிடின், நல்ல மாணாக்கனும் மனஞ்சலித்து விலகுவான். பாடமுடிவிலே, இன்று விளங்கியது யாது, விளங்காதது யாது என்று ஒரு சிறு துண்டிற் பெயரின்றி எழுதித் தருமாறு கேட்டலும் நன்று. வாய்திறக்க நாணுபவனும் எழுத நாணான். மறுநாள் அவ்விளங்காமையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினால், நம் சொல்லுக்கும் ஈண்டு மதிப்புண்டு என்று அவன் அறிவான்.

கண்டிக்க நேருமிடத்துத் தனியே கண்டித்தல் நான்காவது. பலர் முன்னிலையில் அவமதிக்கப்பட்ட இளைஞன் பாடத்தை மறந்தாலும் அவமதிப்பை மறவான். தனியே அழைத்து, ஏன் வரவில்லை என்று குற்றவாளியை வினாவுமாறு வினாவாது, யாது நேர்ந்தது என்று உறவினனை வினாவுமாறு வினாவுக. முதலிற் பொய்யும் வரலாம், மௌனமும் வரலாம். இரண்டாம் முறை வினாவுங்கால் உண்மை வரும். வந்த உண்மை ஆசிரியர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயின், வறுமைக்கு மகாபொல முதலிய உதவிகளையும், மனநோய்க்கு வைத்தியரையும், பகிடிவதைக்கு அதிகாரிகளையும் காட்டிக்கொடுத்து, அங்கே சென்றானா என்றும் விசாரித்தல் வேண்டும். வழிகாட்டிவிட்டுத் திரும்பிப் பாராதிருத்தல் அரைவழியிற் கைவிடுதலாம்.

இவையெல்லாம் செய்தும் சிலர் திரும்பார். அதனையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். வளர்ந்த இளைஞனுக்குத் தன் வழியைத் தானே தெரியும் உரிமை உண்டு. ஒருவன் நன்கு ஆராய்ந்து, இத்துறை எனக்குரியதன்று என்று தெளிந்து வேறு தொழிலை நாடுவானாயின், அது தோல்வியன்று. அதற்கும் ஆசிரியர் துணைநிற்கலாம். கதவைத் திறந்துவைத்தலும், திறந்திருக்கின்றது என்று உரியவனுக்கு அறிவித்தலும் நம் கடன். உள்ளே நடத்தல் அவன் கடன். கதவை அடைத்துவைத்துக்கொண்டு அவன் நடக்கவில்லை என்பதும் பிழை. அவனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு அவன் நடந்தான் என்பதும் பிழை. ஆசிரியர் ஒருவர்மேலேயே எல்லாச் சுமையையும் ஏற்றுதலும் நீதியன்று. வகுப்பு அளவுக்கு மிஞ்சிப் பெருகாதவாறு காத்தலும், ஆசிரியர் வெற்றிடங்களைக் காலத்தில் நிரப்புதலும், முதலாண்டிலே மொழிப்பயிற்சி அளித்தலும் நிருவாகத்தார் கடமை. ஆயினும் அவர் செய்யுமளவும் நாம் செய்யாதிருப்போம் என்பது, எதிரே இருக்கும் மாணாக்கனுக்கு விடையாகாது. அவனுக்கு இளமை ஒருமுறையே வரும்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்காள்! எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இதுவாகும். பாடத்தைச் சொல்லி முடித்தல் தொழில். அது சென்று சேர்ந்ததோ என்று பார்த்தலே ஆசிரியம். முன்வரிசையிலிருப்பவன் நாம் இல்லாவிடினும் ஒருவாறு கற்றுக்கொள்வான். பின்வரிசையிலிருப்பவனுக்கே ஆசிரியர் இன்றியமையாதவர். நம் திறமையை உலகம் அளப்பது முன்னவனது பரீட்சைப் பெறுபேற்றால். நம் உள்ளம் நம்மை அளக்கவேண்டுவது பின்னவனை நாம் நடாத்திய முறையால். அடுத்த கிழமை இடாப்பைத் திறக்கும்போது, நெடுநாளாக நம் வாயிற் புகாத பெயர் ஒன்று அதில் இருக்கின்றதோ என்று பாருங்கள். இருக்குமாயின், அன்றைக்கு அப்பெயரிலிருந்தே தொடங்குங்கள்.